ரயில் பயணமும் மேலுதடும்

அன்புள்ள கோமு,

இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை என்று திட்டியிருப்பாய். திட்டி முடித்துவிட்டு மிச்சத்தைப் படி. என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை.

விஷயம் மீனாவைப் பற்றியது. ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் மேலுதட்டில், இடது பக்கம், பிளவு தெரிந்திருக்கிறது. மற்றபடி வளர்ச்சி எல்லாம் சரியாம். அண்ணமும், அதாவது வாயின் மேற்கூரையும், பிளந்திருக்கிறதா என்பது ஸ்கேனில் சுலபமாகப் பிடிபடாது, பிறந்ததும் வாயைத் திறந்து பார்த்தால்தான் உறுதி என்றாராம் டாக்டர்.

பெரியக்காவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிட்டது. "நாலு மாசம் முடிஞ்சதும் அவ்வளவு தூரம் ரயில்ல போனாளே, அதான்!" தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. அதிலிருந்து மீனா யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தக் கோபத்தில்தான் பரணிலிருந்து கருவியல் புத்தகத்தை இறக்கினேன். (ஆமாம், உன் பெயர் போட்ட புத்தகம்தான். தவளை விஷயத்தை நான் யாரிடமும் சொல்லாமல் இருப்பதற்கு அது கூலி.)

டாக்டர் எண்ணும் வாரம் கடைசி மாதவிடாயிலிருந்து, புத்தகம் எண்ணுவது கருத்தரித்த நாளிலிருந்து. நான் எழுதுவது புத்தகக் கணக்கு, டாக்டர் கணக்கு வேண்டுமானால் இரண்டு வாரம் கூட்டிக்கொள்.

நான்காம் வாரக் கடைசியில் கரு நாலைந்து மில்லிமீட்டர் இருக்கும். முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு குழி, அதைச் சுற்றி ஐந்து புடைப்புகள்: நெற்றிப் பக்கம் ஒன்று, மேல்தாடைக்கு இரண்டு, கீழ்த்தாடைக்கு இரண்டு. குழியின் பின்சுவராக இருக்கும் மெல்லிய சவ்வு அந்தச் சமயத்தில் கிழிந்து, வாய்க்கும் தொண்டைக்கும் வழி உண்டாகிறது. கீழ்த்தாடைப் புடைப்புகள்தான் முதலில் சேர்ந்துவிடுகின்றன. கீழுதட்டில் பிளவு மிக அபூர்வம்.

மேலுதடுதான் சிக்கலான வேலை. நெற்றிப் புடைப்பில் இரண்டு மூக்குக் குழிகள் விழுகின்றன. அவற்றின் உள்விளிம்புகள் நடுவில் வந்து ஒன்றாகி, மேலுதட்டின் நடுப்பகுதியும் முன்பற்கள் நான்கு முளைக்கும் எலும்பும் ஆகின்றன. இரு பக்கத்திலிருந்தும் மேல்தாடைப் புடைப்புகள் வந்து இதோடு ஒட்ட வேண்டும். ஒட்டாமல் போனால் பிளவு. அது நட்டநடுவில் இல்லாமல் பெரும்பாலும் ஒரு பக்கமாக இருப்பது இதனால்தான். இவ்வளவும் ஏழாம் வாரத்துக்குள், அதாவது இரண்டு மாதம் முடிவதற்குள், நடந்து முடிகிறது. மீனா ரயில் ஏறியபோது அந்த உதட்டு வேலை முடிந்து எத்தனையோ வாரம் ஆகிவிட்டது! பெரியக்காவிடம் சொன்னேன். "புத்தகம் எழுதினவன் பிள்ளை பெத்தானா?" என்று கேட்டாள். இதற்கு நீயே பதில் சொல்.

அண்ணம் உருவாவது இன்னும் அதிசயம். அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் அலுக்கவில்லை. மேல்தாடையின் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு தகடுகள் முளைக்கின்றன, ஆனால் குறுக்கே வளராமல் நாக்கின் இரு புறமும் கீழ்நோக்கித் தொங்குகின்றன. வாய் முழுக்க நாக்கு அடைத்துக்கொண்டிருக்கிறதே, வேறு வழி? எட்டாம் வார வாக்கில் கீழ்த்தாடை நீள்கிறது, நாக்கு இறங்குகிறது, தகடுகள் சட்டென்று நிமிர்ந்து படுக்கின்றன. அப்புறம் இரட்டைக் கதவு சாத்துவதுபோல் நடுவில் சந்தித்து, முன்னாலிருந்து பின்னால் உள்நாக்கு வரை ஒட்டிக்கொண்டு போகின்றன. 12ஆம் வாரத்துக்குள் முடிந்துவிடும். உன் நாக்கு நுனியால் அண்ணத்தின் நடுவே தடவிப் பார், ஒரு மெல்லிய கோடு தட்டுப்படும். அந்தத் தையல்தான் அது. பெண் சிசுவுக்கு இந்த ஒட்டல் ஏறக்குறைய ஒரு வாரம் தாமதம். அண்ணம் மட்டும் பிளந்து பிறப்பது பெண்களிடம் கூடுதலாக இருப்பதற்கு அது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். உதட்டுப் பிளவோ ஆண்களிடம் கூடுதல், இடது பக்கம் இன்னும் கூடுதல்.

காரணம்? பரம்பரைக் கூறுகள் பலவும் சூழலும் கலந்தது. புகைபிடித்தல், வலிப்புக்கான சில மருந்துகள் அபாயத்தைக் கூட்டும். மீனாவுக்கு அப்படி எதுவும் கிடையாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் என்று ஒன்றைக் கைகாட்ட முடிவதில்லை. கமிஷனுக்குப் பிடிக்காத பதில்.

எனக்கு உதடு பற்றிப் பெரிய பயம் இல்லை, கோமு. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தைத்துவிடுகிறார்கள். அண்ணத்தை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. அது திறந்திருந்தால் குழந்தையால் உறிஞ்சிக் குடிக்க முடியாது, தனிப் பாட்டில் வேண்டும். நடுக்காதில் நீர் கோக்கும். ஒரு வயதை ஒட்டி அறுவை, அப்புறம் பேச்சுப் பயிற்சி. எல்லாம் ஆகக்கூடியதுதான். ஆனால் அந்தப் பெண் இப்போதே ராத்திரி எழுந்து கண்ணாடி முன்னால் நிற்கிறாளாம், மாப்பிள்ளை சொன்னார்.

உன் நாத்தனார் மகனுக்கு இதே அறுவை நடந்ததே, இப்போது கல்லூரியில் மைக் பிடித்துத் தொல்லை கொடுக்கிறானே, அவன் அம்மாவை மீனாவோடு ஒரு தடவை பேசச் சொல்வாயா? நான் சொன்னால் பாடம் எடுப்பதுபோல் ஆகிவிடுகிறது. முதல் சில மாதம் பால் எப்படிக் கொடுத்தார்கள் என்பதைத்தான் அவள் கேட்க நினைக்கிறாள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கூப்பிடச் சொல். அந்த நேரத்தில் பெரியக்கா சீரியல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

உன்
சந்திரா