ராமலிங்கத்துக்கு: அது வடக்கத்திக் கதையா?

அன்புள்ள ராமலிங்கம்,

கண்புரை அறுவை முடிந்து சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. உன் கையெழுத்துதான் இன்னும் புரியவில்லை. பேரன் நீட் தேர்வுக்குப் படிக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். நன்றாக எழுதட்டும்.

ஆனால் ஒரு வரியை விட மனம் வரவில்லை. “நெருக்கடி நிலை வடக்கத்திக் கதை. நம் பக்கம் அலுவலகங்கள் நேரத்துக்குத் திறந்தன, அவ்வளவுதான்” என்கிறாய். நெருக்கடி நிலையை ஆதரித்தது தவறு என்று உன் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியே 1978இல் பட்டிண்டா மாநாட்டில் ஒப்புக்கொண்டது. நீ மட்டும் அசைய மறுக்கிறாய்!

1975 ஜூனில் இந்திரா காந்தியின் அரசு நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த பிறகும் இங்கே ஏழு மாதம் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது உண்மைதான். தி.மு.க. அரசு அதை எதிர்த்து நின்றது. 1976 ஜனவரி 31இல் ஆட்சியைக் கலைத்தார்கள். அதன் பிறகு பார்த்தோமே. அப்போது நான் ஒரு வார இதழில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கங்களைத் தணிக்கை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு பெஞ்சில் காத்திருப்பேன். ஒருமுறை விலைவாசி பற்றிய சின்னத் துணுக்கை முழுதாக அடித்துவிட்டார். அந்த இடத்தை வெறுமையாகவும் விடக் கூடாதாம். அச்சுக் கோப்பவர் முணுமுணுத்துக்கொண்டே ஈய எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டார். அங்கே கத்தரிக்காய்க் கூட்டு செய்முறை ஏறியது. பாராட்டி வாசகர் கடிதமும் வந்தது என்பதுதான் வேடிக்கை.

சிறைக்குள் நடந்தது வேடிக்கை அல்ல. விசாரணையில்லாமல் அடைத்துவைக்கும் மிசா சட்டத்தில் பிடிபட்ட கைதிகளைச் சென்னை மத்திய சிறையில் அடித்த அடியைப் பின்னாளில் இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது. முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தே போனார்.

“ஊழல் ஆட்சி போனால் போகட்டும்” என்று அன்றைக்கு நீ வாதாடினாய். குற்றச்சாட்டுகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் சர்க்காரியா கமிஷனை அமைத்தது ஆட்சியைக் கலைத்த பிறகு. தண்டனை முதலில், விசாரணை பின்னால் என்பது எந்த ஊர் நியாயம்?

நீதிமன்றமாவது காப்பாற்றியதா? அடைத்துவைத்ததை எதிர்த்துக் கைதிகள் முறையிட முடியுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. காவலர் ஒருவர் பகைமையால் ஒருவனைக் கொன்றாலும் முறையிட வழியில்லையா என்று நீதிபதி கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர். 1976 ஏப்ரல் தீர்ப்பில் நால்வர் அரசின் பக்கம். கன்னா ஒருவர்தான் மாறுபட்டார். தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது.

1977 தேர்தல்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. ராய்பரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். நாமோ 39இல் 34 இடங்களைக் காங்கிரஸ்–அ.தி.மு.க. அணிக்குக் கொடுத்தோம். எம்.ஜி.ஆர். செல்வாக்கு ஒரு காரணம். கட்டாயக் கருத்தடையின் கொடுமை வடக்கைப் போல இங்கே வீடு வீடாக நுழையவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

சரி, கைதிகள் வெளியே வந்தார்கள், தணிக்கை போனது. 1978இன் 44ஆவது திருத்தம், உயிர் வாழும் உரிமையை இனி எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது. ஆனால் 1976இல் 42ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குத் தூக்கிக்கொண்டு போனதே, அது இன்னும் திரும்பவில்லை. எதிர்க்கட்சிகள் பாதி சிறையில் இருந்தபோது நிறைவேறிய திருத்தம் அது. நீட் பற்றிய வாதம் எழும்போதெல்லாம் அது பேச்சில் வருகிறது. உன் வீட்டுக் கூடத்தில் பேரன் இரவு முழுக்கக் கண் விழித்துப் படிக்கும்போது ‘வடக்கத்திக் கதை’ என்று அவனிடம் சொல்லிப் பார்.

கோபித்துக்கொள்ளாதே. கண்ணுக்குச் சொட்டு மருந்து நின்றதும் மதுரைக்கு வருகிறேன். தொழிற்சங்க அலுவலகத்தில் நீ அந்த நாட்களில் எழுதிவைத்த கூட்டக் குறிப்பேடு இன்னும் இருந்தால் தேடி எடுத்து வை.

அன்புடன்,
சுந்தரம்