டாங்குக்குப் பெட்டி செய்கிறேன்

அன்புள்ள மக்கா,

முழங்கால் ஆபரேஷன் முடிந்து நீ படியேறத் தொடங்கிவிட்டதாக உன் மகள் போனில் சொன்னாள். நல்ல சேதி. இங்கே எல்லோரும் சுகம்.

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரி வாசலில் காட்சிக்கு நிற்கும் பழைய விஜயந்தா டாங்கைப் புதுப்பிக்கிறார்கள். பட்டாளத்தில் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். பீரங்கிக்கும் பெயின்டுக்கும் ஆள் நிறைய. வெளிப்பக்கத்துப் பெட்டிகள், சவல், கடப்பாரை, சம்மட்டி மாட்டுகிற கிளாம்புகள், இழுவை வடத்துக் கொக்கிகள் எல்லாம் என் தலையில். பித்தளை பக்கிள் ஒன்றுகூட மிச்சமில்லை. எப்போதோ ஆக்கர் கடைக்கு, பழைய இரும்பு விலைக்குப் போயிருக்கும்.

பெட்டிகளைப் பார்த்தால் நீ சிரிப்பாய். முன்பு வேலை செய்த புண்ணியவான்கள் வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்துவிட்டு, அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையைப் புட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஆனிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, போதாததற்கு உப்புக்காற்று. தகடு உள்ளேயிருந்தே அரித்து அப்பளமாய் நொறுங்குகிறது. அடித்தகட்டை வெட்டிப் போட்டுப் புதிதாக வெல்ட் செய்தேன். மூலைகளில் ஓட்டை, உள்பக்கம் ஜிங்க் பிரைமர். வெளியே எந்தப் பச்சை அடித்தாலும் எனக்குக் கவலையில்லை.

போல்ட்டில்தான் உயிர் போனது. 1965இல் ஆவடியிலிருந்து வெளிவரத் தொடங்கிய வண்டி என்றாலும் இங்கிலாந்து விக்கர்ஸ் கம்பெனிக்காரன் வரைந்தது; அங்குல மரை. 5/16 அங்குல மரையில் 8 மி.மீ. போல்ட் பொருந்துவது போலவே இருக்கும். இரண்டு சுற்று போய்ப் பிடித்துக்கொள்ளும். மேலும் முறுக்கினால் மரை போச்சு. கோட்டாறு கம்போளம் முழுக்க அலைந்து, கடைசியில் வடசேரியில் ஒரு லேத்தில் கடைந்து வாங்கினேன்.

ஒரு வாக்குவாதமும் நடந்தது. சவலையும் கடப்பாரையையும் அப்படியே வெல்ட் அடித்துவிடலாம், திருட்டுப் போகாது என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. டாங்குச் செயின் சேற்றில் மாட்டினால் இருட்டில் தடவிப் பார்த்தே உருவி எடுக்கத்தானே அந்தக் கிளாம்ப்? நாலு பேர் குடித்தனம் நடத்திய வண்டி அது. தார்ப்பாய், ஸ்டவ், படுக்கை என்று அவர்கள் வீடே அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருந்தது. பிள்ளைகளுக்குப் பீரங்கிக் குழாய் சொல்லாமலே தெரியும். இதைத் திறந்து காட்டினால்தான் உண்டு. அப்புறம் கிளாம்ப் திறக்கட்டும், அதன் ஆணியில் சின்னப் பூட்டுப் போடலாம் என்று முடிந்தது.

அங்கே சென்னையில் பழைய பட்டாளச் சாமான் விற்கிறவர்களிடம் கேன்வாஸ் பட்டையும் பித்தளை பக்கிளும் கிடைக்குமா என்று விசாரி. நீ அலையாதே, மருமகனை அனுப்பு. இரும்பு பக்கிள் வேண்டாம், இங்கே ஒரு மழைகூடத் தாங்காது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி