சபர் போகிறவருக்குக் கசகசா கட்டிக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் இராமநாதபுரம் கடற்கரையில் சபராளி, அதாவது பிழைப்புக்காக வெளிநாடு (சபர்) போனவர், இல்லாத தெரு குறைவு. புதிதாகப் போகும் பிள்ளைக்கு விசா, டிக்கெட், ஒப்பந்தம் பற்றியெல்லாம் ஏஜெண்டு சொல்லிவிடுவார். அங்கே கடையில் அரிசி பருப்பு வாங்குவது எப்படி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. பெட்டி கொள்ளும் மட்டும் மசாலா அடைத்துக் கொடுப்பதோடு வீட்டார் வேலை முடிந்துவிடுகிறது. வளைகுடா நாடுகளில் மளிகைக் கடை வேலை பார்த்தவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

முதலில் பெட்டி. அமீரகம், சவூதி இரண்டிலும் கசகசாவுக்குத் தடை, சிங்கப்பூரிலும் அப்படித்தான். அதில் அபின் செடியின் சத்து ஒட்டியிருக்கும் என்பதால் போதைப்பொருள் கணக்கில் வருகிறது. தனிப் பொட்டலமாக இல்லாமல் கறி மசாலாவோடு சேர்த்து அரைத்திருந்தாலும் ஆபத்துதான். குருமா கெட்டிப்பட முந்திரிப்பருப்பு போதும், அங்கேயே கிடைக்கும். அமீரகத்துக்கு வெற்றிலையும் கொண்டு போகக்கூடாது. புளி, வத்தல், மல்லி, பொன்னி அரிசி, கருவாடுகூட மலையாளிகளின் கடைகளில் உண்டு. அவற்றைச் சுமப்பது வீண். வீட்டுப் பக்குவத்தில் அரைத்த மீன்குழம்புத் தூளுக்கு மட்டும் இடம் கொடுங்கள்.

அடுத்தது காசு. அமீரகத்தில் ஒரு திர்ஹத்துக்கு 100 ஃபில்ஸ். குவைத், பஹ்ரைன் தினாருக்கு 1000 ஃபில்ஸ். ஓமான் ரியாலுக்கு 1000 பைசா. அதனால் விலைச் சீட்டில் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் நிற்கும். 0.450 என்றால் அரை தினார்கூட இல்லையே என்று புது ஆள் கூடையில் போட்டுக்கொண்டே போவார். நம் ரூபாயில் அது நூறைத் தாண்டும் என்பது கல்லாவில்தான் உறைக்கும். சவூதியில் 2020 ஜூலை முதல் மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதம், அமீரகத்தில் 2018 முதல் 5 சதவீதம். அலமாரியில் எழுதிய விலையிலேயே வரி அடக்கம் என்பதால் தனியாகக் கணக்குப் போட வேண்டாம்.

நம் ஊர்போல பாக்கெட்டில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்காது. ஒரே பருப்புக்குப் பெரிய மாலில் ஒரு விலை, தெருமுனைச் சிறு மளிகைக் கடையான பக்காலாவில் இன்னொரு விலை. பக்காலாக்காரர் கூடுதலாக வாங்குகிறார் என்று கோபப்படுவதில் நியாயமில்லை. ஒரு சோப்பு என்றாலும் அறைக்கே அனுப்பி, சம்பளம் வரும்வரை நோட்டில் எழுதி வைப்பவர் அவர். அந்த நோட்டை மட்டும் அன்றன்று பார்த்துவிட வேண்டும். மாதக் கடைசியில் பார்த்தால் பேச்சுத்தான் வளரும். பெரிய கடைகள் பலவற்றில் காய்கறியை அந்தப் பகுதியிலேயே நிறுத்து, விலை ஸ்டிக்கர் ஒட்டி வாங்கிக்கொண்டுதான் கல்லாவுக்குப் போக வேண்டும். ஒட்டாமல் போனால் பின்னால் வரிசை நிற்க, நீங்கள் திரும்ப ஓட வேண்டியிருக்கும்.

தேதி விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பல பாக்கெட்டுகளில் தயாரித்த தேதி, காலாவதித் தேதி இரண்டும் இருக்கும், பிந்தியதுதான் காலாவதி. சிலவற்றில் அரபி எண் மட்டுமே இருக்கும். அதில் சைபர் வெறும் புள்ளி. நாம் சைபர் என்று நினைக்கும் வட்டம் ஐந்து. நம் 7 போல் இருப்பது ஆறு. ஆங்கில ‘வி’ எழுத்து ஏழு, அதையே கவிழ்த்தால் எட்டு. ஒன்றும் ஒன்பதும் ஏறக்குறைய நமக்குத் தெரிந்த வடிவம்தான்.

பால் வாங்கும்போது பெயரைப் படியுங்கள். ‘ஹலீப்’ பால். ‘லபன்’ புளித்த மோர். இரண்டும் ஒரே மாதிரி பாட்டிலில், ஒரே குளிர்பெட்டியில் அடுத்தடுத்து நிற்கும். லபனைக் கொதிக்கும் தேயிலைத் தண்ணீரில் ஊற்றினால் அந்த நிமிஷமே திரிந்துவிடும். நல்லெண்ணெயிலும் இதே தொல்லை. எள் எண்ணெய் என்று சீனச் சமையல் வரிசையில் இருப்பது வறுத்த எள்ளில் எடுத்தது. நிறம் கறுப்பு, வாடை தூக்கும், மீன்குழம்பே கெட்டுப்போகும். பாட்டிலில் ‘ஜிஞ்ஜெலி’ என்று போட்டிருப்பதுதான் நம்முடையது. குட்டையாக உருண்டு இட்லி அரிசிபோல் தெரியும் எகிப்து அரிசி வேகும்போது குழைந்து ஒட்டிக்கொள்ளும், மாவுக்கு ஆகாது. கேரள மட்டை அரிசிக்குத் தண்ணீரும் நேரமும் கூடுதலாக வேண்டும்.

இரண்டு வேளை சோறு உண்பவருக்கு மாதம் 8 முதல் 10 கிலோ அரிசி சரியாக இருக்கும். ஆஃபரில் மலிவு என்று 20 கிலோ மூட்டையைத் தூக்கினால், வெயில் காலத்தில் அறைச் சூட்டுக்கு வண்டு விழும். நாலைந்து பேர் மெஸ் போட்டுச் சமைக்கும் அறைக்குத்தான் மூட்டை கட்டுப்படியாகும். டின்னில் அடைத்த கொண்டைக்கடலைக்கு மொத்த எடையைப் பார்க்காமல், நீர் வடித்த எடை எவ்வளவு என்று பாருங்கள். 400 கிராம் டின்னில் கடலை 240 கிராம் அளவில்தான் இருக்கும். பெரிய தண்ணீர் கேனுக்கு முன்பணம் கேட்பார்கள். ரசீதை வைத்திருந்தால் அறை மாறும்போது திரும்ப வாங்கலாம்.

மீன் பார்த்து வாங்க நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, பெயர் தெரிந்தால் போதும். சீலாவுக்கு (வஞ்சிரம்) கனாத், கலவாவுக்கு ஹமூர், விளமீனுக்கு ஷேரி, ஓராவுக்கு ஸாஃபி, இறாலுக்கு ரூபியான். இங்கே ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை என்றால், ஓமான், அமீரகக் கடலில் ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை சீலா பிடிக்கத் தடை. அந்த இரண்டு மாதமும் சீலாவை விட்டுவிட்டு ஷேரி வாங்குவது புத்தி. சந்தையில் முழு மீனை நிறுத்துத்தான் விலை போடுவார்கள். அறுத்துச் சுத்தம் செய்யத் தனிக் கூலி. தலையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காவிட்டால் குப்பைக்குப் போய்விடலாம். உறைந்த மீன் பாக்கெட்டில் மேலே ஐஸ் பூச்சு இருக்கும். பூச்சு நீங்கலான எடையைப் பார்த்து விலையை ஒப்பிட வேண்டும்.

அரபி எண் பத்தையும் நம் எண்களோடு ஒரு சிறு கட்டமாகத் தாங்கள் அச்சிட்டால், போகிறவர்கள் வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள். இராமநாதபுரம் பதிப்பில் மட்டும் வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
வளைகுடாவில் மளிகைக் கடை வேலை பார்த்துத் திரும்பியவர்கள்,
தேவிபட்டினம்.