ஐந்நூறு ரூபாய் நோட்டும் எழுபது ரூபாய்க் கடனும்

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் கொஞ்சம் ரொக்கம், அதுவும் சில்லறையாக, வை என்று போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால் நாலு பேர் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். அப்போதாவது கேட்கிறாயா பார்ப்போம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி பக்கம். அதற்கு நம் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரியும் என்று யார் நினைத்தோம்? ரோடு அடைபட்டது. உங்கள் பக்கம் கரண்ட் போய், டவரும் போனது. லைன் கிடைத்ததும் நீ சொன்ன முதல் விஷயம் இன்னும் மறக்கவில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல், மருந்து எழுபது ரூபாய், உன் பர்ஸில் ஐந்நூறு ரூபாய் நோட்டு மூன்று. மீதி கொடுக்கக் கடைக்காரரிடம் சில்லறை இல்லை. ஊரே ஸ்கேன் செய்து பழகிவிட்டது, அவர் கல்லாவில் மட்டும் நூறும் ஐம்பதும் எங்கிருந்து வரும்? தெரிந்த முகம் என்பதால் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு மருந்தைக் கொடுத்தார். ஆயிரத்து ஐந்நூறைக் கையில் வைத்துக்கொண்டு எழுபதுக்குக் கடன் சொன்ன ஆள் நம் குடும்பத்தில் நீ ஒருத்தன்தான்.

வீட்டில் ஒரு பத்தாயிரம் எப்போதும் இருக்கட்டும். ராத்திரியில் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க வேண்டி வந்தால் ஐந்நூறு நோட்டு பத்து போதும். மிச்ச ஐயாயிரத்தையும் இருநூறு, நூறு, ஐம்பதாக வை. பாலும் மெழுகுவத்தியும் மாத்திரையும் அதில்தான் வாங்க முடியும். அதற்கு மேல் வீட்டில் வைக்காதே. திருடு போனால் யாரும் தரமாட்டார்கள். வங்கியில் கிடந்தால் வட்டி கொஞ்சமாவது வரும், ஐந்து லட்சம் வரை காப்பீடும் உண்டு.

ஏடிஎம்மில் ஐந்நூறுதானே வருகிறது என்பாய். 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியே இதற்கு ஓர் உத்தரவு போட்டது. 2026 மார்ச் 31-க்குள் 90 சதவீத ஏடிஎம்களில் ஒரு பெட்டியிலாவது நூறோ இருநூறோ இருக்க வேண்டும் என்று. ஐயாயிரம் என்று அடிக்காமல் நானூறு என்று அடித்துப் பார், அது ஐந்நூறைத் தள்ள வழியே இல்லை. ஆனால் நம் வங்கி ஏடிஎம்மிலேயே மாதம் ஐந்து முறைக்கு மேல் எடுத்தால் காசு பிடிக்கலாம், பார்த்துக்கொள்.

அம்மாயி போன பிறகு, 2017-ல், டிரங்குப் பெட்டியைத் திறந்தோமே, நினைவிருக்கிறதா? புடவை மடிப்பில், செல்லாமல் போன பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு பதினொன்று. வங்கியில் கட்டுவதற்கான கெடு 2016 டிசம்பர் 30-லேயே முடிந்திருந்தது. அம்மாயி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிறுவாடு என்றால் அப்படித்தான், புருஷனுக்குத் தெரியாமல் சேர்ப்பதில்தானே அதன் ருசி. இந்தப் பத்தாயிரம் அப்படி இருக்கக் கூடாது. இருக்கும் இடம் உன் வீட்டுக்காரிக்கும் தெரிய வேண்டும். அவளுடைய சிறுவாடு அவளிடமே இருக்கட்டும், அதை நீ கேட்காதே.

உங்கள் மலையில் ஈரம் அதிகம். துணிக்கு நடுவில் சொருகாமல், பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வை. எலியோ கரையானோ கடித்துவிட்டால் நோட்டைத் தூக்கி எறியாதே. ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில் 80 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருந்தால் வங்கியில் முழுப் பணம் கிடைக்கும். 40-லிருந்து 80 வரை என்றால் பாதி. அதற்கும் கீழே போனால் ஒன்றுமில்லை.

உண்மையில் எனக்குத் திருடனைவிட, எலியைவிட, நம்மைப் பற்றித்தான் பயம். கேஸ்காரர் வாசலில் நிற்கும்போது அந்த டப்பாதான் முதலில் கண்ணில் படும். நானும் எடுத்திருக்கிறேன். "நாளைக்கு வைத்துவிடலாம்" என்று எடுத்தது தீபாவளி வரைக்கும் திரும்பவில்லை. இப்போது டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். எடுப்பவர் தேதியும் தொகையும் எழுத வேண்டும். உன் மாமா இரண்டு முறை எழுதியிருக்கிறார், கையெழுத்தோடு!

வங்கியில் கேட்டு உனக்காக நூறு ரூபாய் நோட்டு இருபத்தைந்து மாற்றி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாப்பேட்டை உழவர் சந்தைக்கு இறங்கி வருவாய் அல்லவா, அப்படியே வீட்டுக்கு வந்து ஐந்நூறாகக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள். வரும்போது அரைக் கிலோ காபித்தூள் கொண்டு வா, கண்ணு. அதற்கு மட்டும் ஜிபே செய்கிறேன்.

உன் அக்கா