கோபன்ஹேகனிலிருந்து அப்பாவுக்கு

கோபன்ஹேகன்
29 டிசம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? இந்த வருஷம் இங்கே டென்மார்க்கில் நடந்ததையெல்லாம் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். விடுமுறை கிடைத்ததால் விவரமாக எழுதுகிறேன்.

ஜனவரி 14 அன்று ராணி மார்கரெத் முடி துறந்தார். 1972-ல் அதே தேதியில் அரியணை ஏறியவர். 52 வருஷ ஆட்சி. முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதிலிருந்தே யோசித்து வந்ததாகப் புத்தாண்டுக்கு முந்தைய மாலை டிவி உரையில் சொன்னார், ஊரே திகைத்துப்போனது. இங்கே ஆட்சியில் இருப்பவர் தானாக விலகியது 1146-க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கிரீடம் சூட்டும் சடங்கெல்லாம் கிடையாது. கையெழுத்துப் போட்டார், எழுந்தார், தன் நாற்காலியை மகனுக்கு விட்டுவிட்டு வெளியே நடந்தார். அப்புறம் பிரதமர் பால்கனியில் நின்று ஃப்ரெடெரிக்கை மன்னராக அறிவித்தார். புது மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைத்தது.

1686 முதல் இருந்த பெரிய பிரார்த்தனை நாள் விடுமுறையும் இந்த வருஷம் போய்விட்டது. ராணுவச் செலவுக்குப் பணம் வேண்டுமாம். ஆபீஸில் எல்லோருக்கும் வருத்தம்தான்.

ஆனால் என்னை உலுக்கியது ஏப்ரல் 16. அன்று ராணியின் 84-வது பிறந்தநாள். காலையில் பழைய பங்குச்சந்தைக் கட்டடமான பெர்சனில் தீப்பிடித்தது. நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு மேலேறும் அந்தக் கூர்கோபுரம் எரிந்து சரிந்தது. வழியில் போனவர்கள்கூட உள்ளிருந்த பழைய ஓவியங்களைத் தூக்கி வர உதவினார்கள். யாரும் சொல்லி அவர்கள் வரவில்லை, அப்பா. இந்த மக்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது அன்றுதான்.

அதைக் கட்டியவர் நான்காம் கிறிஸ்டியன். ஓவ கெட் என்ற டேனிஷ் தளபதியை நம் தரங்கம்பாடிக்கு அனுப்பிய அதே மன்னர். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு அங்கே டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்ததும், இங்கே பெர்சன் எழுந்ததும் ஏறக்குறைய ஒரே காலம்; கடல் வணிகத்தில் பெரிதாக வளர வேண்டும் என்ற ஒரே ஆசை. கூட வேலை செய்பவர்களிடம் இதைச் சொன்னேன், பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பெர்சனைத் திரும்பக் கட்டுகிறார்கள். பழைய முறையிலேயே செங்கல்லும் மரமும் வைத்துச் செய்யப்போகிறார்களாம், வருஷக்கணக்கில் ஆகும். நீங்கள் கடற்கரைப் பக்கம் போகும்போது கோட்டையை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். ஆபீஸில் கேட்கிறார்கள்.

அம்மாவை மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்