எல்லாம் ஒன்றாகப் போகிறதா, ஒவ்வொன்றாகவா?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. இடது கண்ணில் புரை எடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குத் திரைப் பக்கமே போகக் கூடாது என்று மகள் உத்தரவு போட்டுவிட்டாள். மருத்துவர்கூட அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லவில்லை. இப்போது நன்றாகத் தெரிகிறது. வெளிர்மஞ்சள் என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்த முன்னறைச் சுவர் வெள்ளையாம்!

உன் மகன் குடும்பத்தோடு வந்து உன்னுடனே தங்கிவிட்டான் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அடுத்த பத்தியிலேயே ரவுட்டர் புலம்பல். "நான் மட்டும் கணினியைப் போட்டால் சாதுவாக இருக்கிறது. மகனும் பேத்தியும் லேப்டாப்பைத் திறந்தால் ஆள் மாற்றி ஆளை வெளியே தள்ளுகிறது" என்று எழுதியிருக்கிறாய். சிரித்துவிட்டேன். போன வருடம் இதே கூத்து எங்கள் வீட்டில் நாலு மாதம் நடந்தது. அதனால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டிவிடுகிறேன்.

நான் செய்த முதல் தப்பு, எதையும் பார்க்காமலே நெட் கொடுக்கும் கம்பெனியைத் திட்டியது. அவர்கள் ஆள் வந்து பார்த்தபோதெல்லாம் நெட் ஜம்மென்று ஓடியது. இரண்டாவது தப்பு, ஒவ்வொரு முறையும் ரவுட்டரை அணைத்துப் போட்டது. அணைத்துப் போட்டால் பத்துக்கு ஏழு தடவை சரியாகிவிடும், ஆனால் ஏன் சரியானது என்று தெரியாது. நோயோடு சேர்த்து அதன் அடையாளத்தையும் நாமே துடைத்துவிடுகிறோம்.

அப்புறம்தான் ஒரு விஷயம் உறைத்தது. வீட்டில் மூன்று கணினி இருப்பது தொல்லை என்று நினைத்தேனே, உண்மையில் அதுதான் கையில் இருக்கும் நல்ல கருவி. நெட் போகும் அந்த நிமிடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: மூன்றிலும் போய்விட்டதா, ஒன்றில் மட்டுமா? மூன்றிலும் ஒன்றாகப் போனால் குற்றம் ரவுட்டரிலோ வெளியிலிருந்து வரும் லைனிலோ. ஒன்றில் மட்டும் போனால் அந்தக் கணினியையும் அதற்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருப்பதையும் பார்க்க வேண்டும். ஒரு நோட்டில் ஒரு வாரம் நேரத்தையும் ஆளையும் குறித்து வை. பேத்தியிடம் கொடுத்தால் உன்னைவிட ஒழுங்காக எழுதுவாள்.

கூடவே பிங் போட்டுப் பார், அதாவது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. கறுப்புத் திரையான கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, பிங், இடைவெளி, 192.168.1.1 என்று கொடு. அது ரவுட்டரின் முகவரி. சில ரவுட்டருக்கு 192.168.0.1 ஆக இருக்கும், அடியில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பார். விண்டோஸாக இருந்தால் கடைசியில் ஒரு சிறு கோடும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்தால் நீ நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு ஜன்னலில் 8.8.8.8க்கு அதே மாதிரி. அது கூகுளின் முகவரி, வீட்டுக்கு வெளியே இருப்பது. ரவுட்டரிடமிருந்து பதில் வந்துகொண்டே இருந்து வெளியிலிருந்து மட்டும் நின்றால், உன் வைஃபை மேல் பழி இல்லை. கம்பெனிக்கு போன் போட்டு இதையே சொல். "அணைத்துப் போட்டீர்களா சார்" என்ற கேள்வியைத் தாண்டிப் பேச்சு நகரும். ரவுட்டரே பதில் சொல்லவில்லை என்றால் பிரச்சினை வீட்டுக்குள்.

உன் மகன் லேப்டாப் அரை மணி சும்மா இருந்துவிட்டு எழுந்ததும் நெட் இல்லை என்கிறது என்று எழுதினாயே, அது தனி வியாதியாக இருக்கலாம். மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக விண்டோஸே வைஃபை கார்டை அணைத்துவிடும். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர் பட்டியலுக்குப் போய், வைஃபை கார்டின் ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கத்தைத் திற. மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக் இருக்கும், எடுத்துவிடு. சில புது லேப்டாப்பில் அந்தப் பக்கமே இருக்காது. இல்லையென்றால் விட்டுத்தள்ளு.

நம் விடுதி வராந்தாவில் ஒரே ஒரு போன் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வைஃபை அச்சு அசல் அதுதான். ஒரு சானலில் (வைஃபை பேசும் அலைவரிசையின் ஒரு துண்டு) ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருந்து, காலியானதும் புகுவார்கள். இரண்டு பேர் ஒரே நொடியில் புகுந்தால் இருவர் பேச்சும் வீண், மறுபடி முதலிலிருந்து. தூரத்து அறையில் பலவீனமான சிக்னலில் இருக்கும் கணினி மெதுவாகப் பேசும். அது பேசி முடிக்கும் வரை ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வேகமான கணினியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். (நீ ஊருக்குப் போன் பேசினால் வரிசையில் நிற்பவன் சுவரோரம் உட்கார்ந்துவிடுவான், அது மாதிரி.) ஒரு கணினி மட்டும் இருக்கும்போது நன்றாக ஓடி, மூன்று சேர்ந்ததும் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். தூரத்தில் அசையாமல் இருக்கும் கணினிக்கு ஒரு கேபிள் இழுத்துவிட்டால் காற்றில் இருக்கும் கூட்டம் குறையும். உன் மேஜைக் கணினி எங்கேயும் நடந்து போகப் போவதில்லையே, அதற்கு எதற்கு வைஃபை?

பக்கத்து வீட்டுக்காரர்களும் இதே காற்றில்தான் பேசுகிறார்கள். வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் சானல் நம்பர் நிறைய இருப்பது போலத் தோன்றும். ஆனால் சானலுக்குச் சானல் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, சிக்னலோ சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். அதனால் ஒன்றோடொன்று இடிக்காமல் நிற்பவை 1, 6, 11 மூன்றும்தான். போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலியைப் போட்டு எது காலி என்று பார்த்து அதில் நிறுத்து. 3, 4 என்று நடுவில் வைப்பது புத்திசாலித்தனம் போலத் தெரியும், ஆனால் இரண்டு பக்கமும் இடி வாங்கும். மைக்ரோவேவ் அடுப்பும் அந்த அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கை ரவுட்டருக்கு ஒட்டி வைத்திருந்தால் அதுவும் இரைச்சல் போடும், தள்ளி வை. 5 கிகாஹெர்ட்ஸ் நெரிசல் குறைவு, வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டச் சிரமப்படும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சில சானல்கள் ரேடாருக்கும் பொது. ரேடார் சிக்னல் கேட்டதாக ரவுட்டருக்குத் தோன்றினால் சட்டப்படி அந்தச் சானலைக் காலி செய்துவிட்டு ஓட வேண்டும். எல்லாரும் ஒரே நொடியில் விழுந்து எழுவார்கள். அப்படி நடந்தால் 36 முதல் 48 வரை உள்ள சானலில் வை.

எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு மூன்று கணினியும் செத்துப்போகும். நோட்டில் குறித்ததால்தான் மணி பிடிபட்டது. பிங் போட்டால் அறுபடவே இல்லை. பதில் வருகிறது, ஆனால் 20 மில்லிசெகண்டில் வந்தது 900க்கு மேல் போகிறது. மகளின் லேப்டாப் அந்த நேரத்தில் அன்றைய படங்களை எல்லாம் இணையத்தில் பேக்கப் ஏற்றிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் லைன் நிரம்பினால் ரவுட்டர் பாக்கெட்டுகளை (தகவலின் சிறு துண்டுகள்) வரிசையில் போட்டு வைத்துக்கொண்டே போகிறது, எல்லோருடைய சின்னச் சின்ன வேலையும் அந்த வரிசைக்குப் பின்னால். இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்பவர் 2010இல் தன் வீட்டு இணைப்பை ஆராய்ந்து இதைப் பற்றி எழுதினார். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் அந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ள கோடெல் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உன் ரவுட்டரில் வரிசையைக் கட்டுப்படுத்த ஸ்மார்ட் கியூ அல்லது எஸ்க்யூஎம் என்று ஏதாவது இருந்தால் போடு. இல்லையா, நான் செய்தது போல பேக்கப்பின் அப்லோடு வேகத்துக்கு ஒரு வரம்பு வை. அன்றோடு ஒன்பது மணிச் சாவு நின்றது.

இவ்வளவும் செய்தும் எங்கள் வீட்டில் ஒரு கோளாறு போகவில்லை. இதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். உன் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி: "புது ரவுட்டரைக் கீழே வைத்துவிட்டு, பழையதை வீணாக்க வேண்டாமே என்று கேபிள் இழுத்து மாடியில் போட்டேன்." அங்கேதான் என் கண் நின்றது (புதுக் கண்!).

நானும் அதேதான் செய்திருந்தேன். சிக்னல் கோடு முழுசாக இருக்கும், நெட் இருக்காது. காலையில் நன்றாக ஓடிய கணினி மூடித் திறந்தால் போய்விடும், அதே நேரத்தில் பக்கத்துக் கணினி ஓடும். மறுநாள் ஆள் மாறும். கடைசியில் ஓடும் கணினியையும் ஓடாத கணினியையும் ஒரே மேஜையில் வைத்து, இரண்டிலும் கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (கணினியின் முகவரியைக் காட்டும் கட்டளை) கொடுத்துப் பார்த்தேன். ஓடுவதில் 192.168.1 என்று தொடங்கும் முகவரி. ஓடாததில் 192.168.0. மூன்றாவது எண் வேறு. வீட்டில் முகவரி கொடுக்கும் அதிகாரி இரண்டு பேர்!

ஒவ்வொரு ரவுட்டருக்குள்ளும் டிஹெச்சிபி என்று ஒன்று இருக்கிறது. கணினி வந்து கதவைத் தட்டினால் "இது உன் முகவரி, வெளியே போக வாசல் இது" என்று சொல்வது அதன் வேலை. பழைய ரவுட்டரும் மாடியில் இருந்துகொண்டு அதையே செய்தது, தானே வாசல் என்று சொல்லிக்கொண்டு. அதன் பின்னால் லைனே இல்லை. எந்த ரவுட்டர் முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அந்தக் கணினி அதன் ஆள். கணினி கூடக் கூட யாராவது ஒருவர் மாட்டுவார். அதனால்தான் நீ ஒருவனாக இருக்கும்போது பெரும்பாலும் தப்பித்தாய்.

செய்ய வேண்டியது: பழையதை மட்டும் தனியாக ஒரு கணினியில் சொருகி, அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் டிஹெச்சிபியை அணை. ஆனால் அதற்கு முன்னால் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்று, புதியது 192.168.1.1ஆக இருந்தால். அந்த 192.168.1.2, புதிய ரவுட்டர் கணினிகளுக்குக் கொடுக்கும் முகவரி வரிசைக்குள் வராமல் பார்த்துக்கொள். கீழிருந்து வரும் கேபிளை வான் (WAN, வெளி லைனுக்கானது) என்று எழுதிய ஓட்டையில் போடாதே, லேன் (LAN, வீட்டுக் கணினிகளுக்கானது) என்று எழுதியதில் போடு. பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், சானல் மட்டும் வேறு: கீழே 1 என்றால் மாடியில் 11. எனக்கு இருபது நிமிடம் ஆனது. நாலு மாதம் தேடியதற்கு இருபது நிமிடம். அன்று இரவு மனைவியிடம் காரணத்தைச் சொல்லவில்லை, இன்றுவரை கம்பெனி மேல் தப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒருவேளை உன் முகவரி 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. யாருமே பதில் சொல்லாததால் கணினி தனக்குத்தானே வைத்துக்கொண்ட முகவரி அது. அப்போது இன்னொரு கடிதம் எழுதுகிறேன்.

வலது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் மூன்று கணினியிலும் அந்த மூன்றாவது எண் என்ன என்று பேத்தியைப் பார்க்கச் சொல்லி எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்