ஓலை வாசிக்கும்போது இதையும் வாசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கத்தோலிக்கக் குருக்களின் சிறுவர் துஷ்பிரயோகம் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். குற்றம் செய்த குருவுக்கு என்ன தண்டனை என்பதை விரிவாக எழுதியிருந்தீர்கள். தெரிந்துகொண்டே அவரை அடுத்த பங்குக்கு, அதாவது வேறொரு கோயில் சமூகத்துக்கு, அனுப்பியவரைப் பற்றி ஒரே ஒரு வரி. எனக்குப் பேச இருப்பது அந்த வரியைப் பற்றித்தான்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் வேலை நிமித்தம் வேறோர் ஊரில் இருந்தேன். அங்கே பங்குச் சபைச் செயலாளரும் நான்தான். பீடத்தில் உதவி செய்துகொண்டிருந்த ஒரு பையன் திடீரென்று கோயிலுக்கு வருவதை நிறுத்தினான். தாய் வந்து அழுதார். பெரியவர்கள் கூடினோம். "வெளியில தெரிஞ்சால் கோயிலுக்குத்தான் வெட்கம்" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினோம். மேலிடத்துக்குத் தகவல் போனது. மூன்று கிழமைக்குள் எங்கள் பங்குக் குருவான சுவாமிக்கு மாற்றம் வந்தது. மாலை போட்டு, பிரியாவிடை வைத்து அனுப்பினோம். வாழ்த்துமடல் எழுதியது நான். 'எங்கள் பிள்ளைகளின் நல்மேய்ப்பரே' என்று அதில் ஒரு வரி உண்டு. அவர் போகிற ஊரிலும் பிள்ளைகள் இருப்பார்களே என்று அன்றைக்கு எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அமெரிக்காவின் பொஸ்டனில் நடந்ததும் இதுதான், பேரளவில். முறைப்பாடுகள் தெரிந்திருந்தும் குருக்களைப் பங்கு பங்காக மாற்றிய விவகாரம் வெடித்ததால் அங்கே பேராயராக இருந்த கர்தினால் பேர்னார்ட் லோ 2002 டிசம்பரில் பதவி விலகினார். 2004இல் அவருக்கு உரோமையின் புனித மேரி மேஜர் பேராலயத்தில் தலைமைக் குரு பதவி கொடுக்கப்பட்டது. குருவுக்குச் செய்ததையே கர்தினாலுக்கும் செய்தார்கள்: ஆளைத் தூக்கி வேறிடத்தில் வைத்தார்கள். நாங்கள் வைத்த பிரியாவிடையை நான் நினைத்துக்கொண்டேன். அதே நாட்டின் கான்சஸ் சிட்டி ஆயர் (பிஷப்) ரொபர்ட் ஃபின்னை, துஷ்பிரயோகச் சந்தேகத்தை அதிகாரிகளுக்கு அறிவிக்கவில்லை என்று 2012இல் நீதிமன்றம் குற்றவாளி ஆக்கியது. அவர் ஆயர் ஆசனத்தை விட்டு இறங்கியது 2015இல்.

சரி, வத்திக்கான் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. கவனக்குறைவுக்காக ஓர் ஆயரைப் பதவி நீக்கலாம் என்று 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிவைத்தார். 2019 மே மாதம் வந்த சட்டம் இன்னும் இறுக்கமானது. விசாரணையை மறைக்கும், தடுக்கும் ஆயரும் அதில் குற்றம் செய்தவர். முறைப்பாடு செய்தவரை 'பேசாதே' என்று கட்டுப்படுத்தக் கூடாது. முறையிட ஒவ்வொரு மறைமாவட்டத்திலும், அதாவது ஓர் ஆயரின் கீழுள்ள பகுதியிலும், ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். ஆனால் ஆயருக்கு எதிரான விசாரணையை நடத்துவது பெரும்பாலும் இன்னோர் ஆயர், அதாவது பல மறைமாவட்டங்கள் சேர்ந்த அந்தத் திருச்சபை மாகாணத்துப் பேராயர். இலங்கையில் இருப்பது ஒரே ஒரு திருச்சபை மாகாணம், அதன் தலைமை கொழும்பு. மூதூரிலோ நிலாவெளியிலோ இருக்கும் ஒரு மீனவத் தாய் இந்த வழியைக் கண்டுபிடித்துப் போவாள் என்று யாராவது நம்புகிறீர்களா?

அவள் பேசாமல் இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. யுத்த காலத்தில் திருகோணமலையில் நாங்கள் ஓடி ஒளிய இருந்தது கோயில்தான். பிடித்துக்கொண்டு போன பிள்ளையைத் தேடி முகாம் வாசலுக்கு எங்களோடு வந்தவர்களும் சுவாமிமார்தான். அந்த நன்றிக்கடன் வாயைக் கட்டிவிடுகிறது. பொலிசுக்குப் போகலாமென்றால் அங்கே எழுதுவது என்ன மொழியில் என்பதே கவலை. அதனால்தான் இங்கே மேலிடத்தின் பொறுப்பு மற்ற இடங்களைவிடக் கூட என்கிறேன். எங்கள் மறைமாவட்டத்தில் யார் மீதும் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை.

2019இல் இலங்கைக் கோயில்களில் உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்துப் பதினெட்டாம் நாள்தான் வத்திக்கான் அந்த மே மாதச் சட்டத்தை வெளியிட்டது. தற்செயல்தான், ஆனாலும் என்னால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. புலனாய்வுத் தகவல் முன்கூட்டியே வந்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. அவர் குண்டு வைத்தவர் அல்லர். இருந்தும் அவர் பதில் சொல்ல வேண்டும் என்று கத்தோலிக்கர் நாங்கள் கறுப்பு உடுத்திக் கறுப்பு ஞாயிறு வைத்துக் கேட்டோம், கேட்டது சரி. அதே அளவுகோலை ஆயர் இல்லத்து வாசலில் மட்டும் கீழே வைத்துவிட முடியுமா?

ஒன்றுதான் கேட்கிறேன். கலியாண ஓலையை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்ற அறிவித்தலை, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிறோம். முறைப்பாட்டை ஏற்கும் பொறுப்பாளர் யார், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன என்பதை ஒரு ஞாயிறு வாசிக்கட்டும். கூடவே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929ஐயும் சொல்லட்டும். அந்த அழைப்புக்குக் காசில்லை. அப்புறம் அதை அறிவித்தல் பலகையில் ஒட்டலாம். பலகையில் இடமில்லையென்றால் பெருநாள் நன்கொடையாளர் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி ஒட்டினால் சரி.

இப்படிக்கு,
பெயர் தவிர்க்கும் வாசகன்,
திருகோணமலை.